கல்லில் யார் பெயரை வெட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நாலு பேருமே கள்ளக்குறிச்சியில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்ற இருவரும் என் பெரிய பையனோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள். காபி குடித்து முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"ஐயா, நம்ம ஸ்கூல்ல படிச்சுப் பெரிய ஆளா வந்தவங்களுக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம்னு இருக்கோம். கேட்டுக்குப் பக்கத்துல கிரானைட் கல்லுல பேரெல்லாம் வெட்டப் போறோம். ஒவ்வொருத்தரப் பத்தியும் நாலு வரி நீங்கதான் எழுதிக் குடுக்கணும். டிராஃப்ட் போடறதுக்கு உங்கள விட்டா யாரு இருக்காங்க?"

சர்க்கார் ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் டிராஃப்ட் போட்டவன் நான். இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் மனசு குளிர்ந்துவிடுகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன்.

பதினோரு பெயர். நாலு டாக்டர், மூன்று என்ஜினீயர் (இரண்டு பேர் அமெரிக்கா), ஒரு மாவட்ட வருவாய் அலுவலர், ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு பேராசிரியர், ஒரு தொழிலதிபர். பதினொன்றில் ஒரே ஒரு பெண். கல்வராயன் மலையிலிருந்து ஒருவர்கூட இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கி நம் ஊர்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் இத்தனை வருடத்தில் எத்தனை பேர் என்று, சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். 2022 ஜூலையில் கனியாமூரில் பள்ளிக்கூடப் பேருந்துகள் எரிந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு வெளியூரில் எந்த ஊர் என்று கேட்டால் "கள்ளக்குறிச்சி" என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. சொன்னவுடன் எதிரில் இருப்பவர் ஒரு "ஓ..." போடுகிறார். அந்த "ஓ"வைத் துடைக்க வேண்டும் என்றுதான் இந்த நாலு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல எண்ணம். அதனால்தான் அவர்களிடம் வாயால் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 2 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் நடந்த விழா வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இஸ்ரோவில் பணியாற்றிய, பணியாற்றும் தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் ஒன்பது பேரை அரசு கௌரவித்தது. சிவன், மயில்சாமி அண்ணாதுரை, நாராயணன், ராஜராஜன், சங்கரன், ஆசீர் பாக்கியராஜ், வனிதா, நிகர் சாஜி, வீரமுத்துவேல். ஆளுக்கு 25 லட்சம் ரூபாய். இவர்களில் பலர் அரசுப் பள்ளிகளில், தமிழ் வழியில் படித்தவர்கள். அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் சாஜி படித்தது செங்கோட்டையில் பெண்களுக்கான அரசுப் பள்ளியில்.

வீரமுத்துவேல் நமக்குப் பக்கத்து ஆள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை விழுப்புரம்தான் நமக்கு மாவட்டத் தலைநகரம். அங்கே ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்தவரின் மகன். ரயில்வே பள்ளியில் பத்தாவது வரை படித்தார். பிறகு பிளஸ் டூ போகவில்லை. விழுப்புரத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் டிப்ளமா சேர்ந்தார். அப்புறம் சென்னையில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக்., பின்னால் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அந்தத் திட்டத்தின் இயக்குநர் அவர்தான்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நம் குழுவினர் பட்டியல் தயாரித்த முறை இதுதான்: பள்ளியில் இருந்த "பிளஸ் டூ முதலிடம்" பலகையைப் பார்த்து, அந்தப் பெயர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த முறையில் தேடியிருந்தால் வீரமுத்துவேல் அகப்பட்டிருக்கவே மாட்டார். அவர் பிளஸ் டூ வகுப்பில் உட்காரவே இல்லையே!

அரசு கொடுத்த 25 லட்சத்தையும் அவர் என்ன செய்தார் என்பதும் பத்திரிகைகளில் வந்தது. பாலிடெக்னிக்கில் தொடங்கி ஐ.ஐ.டி. வரை, தான் படித்த நாலு நிறுவனங்களின் முன்னாள் மாணவர் சங்கங்களுக்குக் கொடுத்துவிட்டார். பாராட்டு போன வேகத்தில் படித்த இடத்துக்குத் திரும்பி வந்தது. நாம் என்ன செய்கிறோம்? பொன்னாடை போர்த்துகிறோம், கேடயம் கொடுக்கிறோம், வந்தவர் நாற்பது நிமிஷம் பேசுகிறார், பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். மறுநாள் அந்தக் கேடயம் ஏதோ ஒரு ஊரில் ஷோகேசில் இருக்கும். பள்ளியில் அதே உடைந்த பெஞ்சு.

மார்க்கை வைத்து ஆளை எடை போடுவதற்கு இன்னொரு பழைய உதாரணம் இருக்கிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். ராமானுஜன் 1898-ல் அங்கே சேர்ந்தார். 1904-ல் கணக்குக்காக ரங்கநாத ராவ் பரிசு கொடுத்தார்கள். தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு போட்டாலும் போதாது என்ற அர்த்தத்தில் மேடையில் பேசியதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அதே பையன் கும்பகோணம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் எல்லாம் கோட்டை விட்டு, உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் முப்பது ரூபாய். (எங்கள் இனத்துக்கு இதைவிடப் பெருமை வேறு கிடையாது.) 1910-ல் கும்பகோணத்தில் யாராவது சாதனை மாணவர் பட்டியல் போட்டிருந்தால், எஃப்.ஏ. ஃபெயிலான ராமானுஜத்தை அதில் எழுதியிருப்பார்களா?

ஆனால் அந்தத் தலைமையாசிரியர் எழுதியிருப்பார். அவர் ஆளைப் பார்த்தவர். பட்டியலைப் பார்த்தவர் இல்லை.

எனக்கு இந்தப் பட்டியல் விஷயத்தில் ஏன் இவ்வளவு ஒவ்வாமை என்று கேட்கலாம். அதற்கு என் பள்ளிக்கூடம் காரணம். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் கிளம்பினாலும் அவர்களுடைய பள்ளிக்கூட முறை கிளம்பவில்லை. வருடக் கடைசியில் பரிசளிப்பு விழா உண்டு. அதில் 'பல்மாரெஸ்' என்று ஒரு பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அதற்குக் கீழே 'அக்செஸி' என்று ஆறுதல் வரிசை. முதல் பரிசுக்காரனுக்குச் சிவப்பு அட்டையில் தங்க நிற எழுத்துப் போட்ட புத்தகம். பெயர் வாசிக்கப்பட்டவன் எழுந்து மேடைக்குப் போவான். வாசிக்கப்படாதவனின் அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு வேறு எங்கேயோ பார்ப்பாள். என் அம்மா பல வருடம் வேறு எங்கேயோ பார்த்தாள். ஒரே ஒரு வருடம் பூகோளத்தில் எனக்கு இரண்டாவது அக்செஸி கிடைத்தது. புத்தகம் கிடையாது, பெயர் மட்டும் வாசித்தார்கள். அன்றைக்கு அம்மா வழியில் பக்கோடா வாங்கிக் கொடுத்தாள். எழுபத்தைந்து வயதிலும் அந்தப் பக்கோடா ருசி மறக்கவில்லை. ஆகையால் பெயர் வாசிப்பது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது பெரிய விஷயம். பெரிய விஷயம் என்பதால்தான் யார் பெயர் என்பதில் கவனம் வேண்டும்.

பிரெஞ்சுப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஆல்பர் காம்யு என்ற எழுத்தாளருக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. அல்ஜீரியாவில் பிறந்த ஏழை. ஒரு வயது முடியும் முன் அப்பா முதல் உலகப் போரில் இறந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது, வீட்டு வேலை செய்து பிழைத்தார். பையனை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று பாட்டி நின்றார். லூயி ஜெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் பேசி, தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து, உதவித்தொகைப் பரீட்சை எழுத வைத்து, லிசேயில் சேர்த்தார். நோபல் பரிசு அறிவித்த ஆரவாரம் அடங்கியதும் காம்யு அந்த வாத்தியாருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். பரிசு பெற்றபோது ஆற்றிய உரையைப் புத்தகமாக வெளியிட்டபோதும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். ஜெர்மேன் பெரிய ஆளாக ஆனவர் அல்ல. பாட்டியிடம் பேசப் போனவர். அவ்வளவுதான்.

இப்போது மலைக்கு வருகிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. 1976 வரை கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலை மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். இந்தியா சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருடம் கழித்து அங்கே சுதந்திரம் வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை. அவர்கள் உழுத நிலத்துக்குப் பட்டா கிடையாது. அப்பன் பள்ளிக்கூடத்தில் படிக்காததால் அப்பனுக்குச் சான்றிதழ் கிடையாது. கீழே இருக்கிற ஆபீசு கேட்கிற காகிதம் எதுவும் அவர்களிடம் இருக்க வழியில்லை. 2024 சாராயச் சாவுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கேள்வி கேட்க ஒரு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

1983-ஆம் வருடம். நான் அப்போது ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று வேண்டாம். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன், பத்தாவது பாஸ் செய்துவிட்டு, பாலிடெக்னிக்கில் சேர்வதற்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்தான். மனு என் மேஜைக்கு வந்தது. நான் பட்டா நகல் இணைக்கப்படவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். தகப்பனாரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல் இல்லை என்று எழுதித் திருப்பினேன். "எங்கப்பா பள்ளிக்கூடத்துக்கே போவலீங்க சார்" என்றான். அதை எழுத்தில் வாங்கி வரச் சொன்னேன். யாரிடம் போய் வாங்குவான்? மூன்றாவது முறை அவன் வரவில்லை.

நான் லஞ்சம் கேட்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. கோப்பில் குறை இல்லாமல் வேலை செய்தேன். ஆனால் "ஸ்தல விசாரணைக்கு அனுப்பலாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வருவாய் ஆய்வாளர் மலைக்குப் போய் விசாரித்து, பதினைந்து நாளில் காரியம் முடிந்திருக்கும். அந்த ஒரு வரி எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதவில்லை. மலைக்கு அனுப்பினால் கோப்பு திரும்பி வர நாளாகும், நிலுவைப் பட்டியலில் என் பெயரில் நிற்கும், அதுதான் காரணம்.

இதில் வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. நான் வேலைக்கு மனு போட்ட காலத்தில் என் பிரெஞ்சு 'பிரெவே' சான்றிதழைப் பார்த்து, இது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று எழுதி வாங்கி வா என்று என்னையும் அலைய விட்டார்கள். ஏழு மாதம் அலைந்தேன். கடைசியில் முகம் தெரியாத ஒரு தலைமை எழுத்தர், "தம்பி, உட்காரு" என்று சொல்லி, தானே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பி வாங்கிக் கொடுத்தார். அந்த உத்தியோகத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அந்தப் பையனைத் திருப்பி அனுப்பினேன்.

பதினொரு வருடம் கழித்து, 1994 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நின்றிருந்தார். எல்லார் கையிலும் தகரப் பெட்டி. என்னைப் பார்த்து, "சார், நீங்க அந்த ஆபீசுல இருந்தவருதானே?" என்றார். அடையாளம் தெரிந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இடுப்பிலிருந்து ஒரு கட்டு மனுக்களை எடுத்தார். "புள்ளைங்கள விடுதியில சேர்க்கணும். இதுல எங்க எத எழுதுனா திருப்ப மாட்டாங்கன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும்" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் கேட்டார்.

அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எட்டு மனுவையும் பூர்த்தி செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, ஏன், கண் ஆபரேஷன் ஆகும்வரை, ஒவ்வொரு ஜூனும் வந்தார். மனு எழுதியது மட்டும்தான் என் பங்கு. நடந்தது எல்லாம் அவர். 1989-க்குப் பிறகு பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்று ஆனது. வேலை கூடியது. பஸ் இல்லாத ஊர்களிலிருந்து பிள்ளைகளை நடத்திக் கூட்டி வருவார். வர மாட்டேன் என்கிற வீட்டில் போய் உட்கார்ந்து பேசுவார். அந்த மலையில் ஒரு பையனுக்குப் பதினைந்து வயது ஆனால் இரண்டு பேர் அவனைத் தேடி வருவார்கள். ஊறல் போடுகிற முதலாளியின் ஆள் ஒருவன், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிற தரகன் ஒருவன். மூன்றாவதாகப் போய் நின்றவர் இவர். இவருக்கு ஒரு ஏக்கர் மரவள்ளிக் கிழங்கு. வேறு வருமானம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளில் இன்றைக்கு நர்சு இருக்கிறார்கள், வாத்தியார் இருக்கிறார்கள், ஒருவர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். பாதியில் ஓடிப்போனவர்களும் நிறைய. அதையும் அவரே சொல்வார்.

பட்டியலில் பன்னிரண்டாவதாக அவர் பெயரைச் சேருங்கள் என்று சொன்னேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்ம ஸ்கூல்ல படிச்சவருதான் ஐயா, இல்லைன்னு சொல்லல. பேருக்குக் கீழ பதவின்னு ஒரு வரி வருது. அதுல என்னான்னு போடறது?" என்றார் உரக்கடைக்காரர்.

நியாயமான கேள்விதான். கல்லில் இடம் விட்டாயிற்று, பெயர், பட்டம், பதவி, ஊர் என்று. பதவி இல்லாதவனுக்கு அந்தக் கல்லில் இடம் இல்லை. ஆறாவதோடு படிப்பை நிறுத்திய காமராஜர், முதலமைச்சராகாமல் விருதுநகரிலேயே இருந்திருந்தால் அவர் பெயரும் இதே கேள்வியில்தான் நின்றிருக்கும்.

வங்கிக்காரர் வேறு ஒரு வாதம் சொன்னார். "ஐயா, புள்ளைங்களுக்கு ஒரு ஆசை வரணும். டாக்டர், கலெக்டர் பேரப் பாத்தாத்தானே நாமளும் அப்படி வரணும்னு தோணும்?" இதையும் நான் தள்ளவில்லை. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பிறகு டாக்டர் என்ற சொல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டுகிற சொல்லாகியிருக்கிறது. சிறுவங்கூரில் நம் மாவட்டத்துக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அந்த நாலு டாக்டர் பெயரும் கல்லில் இருக்கட்டும். ஆனால் அவர்கள் எப்படி டாக்டர் ஆனார்கள் என்று கல் சொல்லாதே. எந்த ஊரிலிருந்து எத்தனை மணி பஸ்சுக்கு வந்தார்கள், யார் ஃபீஸ் கட்டினார்கள், எந்த வாத்தியார் வீட்டில் வைத்துப் பாடம் சொன்னார், முதல் தடவை எதில் ஃபெயில் ஆனார்கள், அதுதான் கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு வேண்டும். "எம்.டி., டி.எம்." என்ற எழுத்தைப் பார்த்து அது வழி கண்டுபிடிக்க முடியாது.

மலைப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று யாரும் இனிமேல் சொல்லவும் முடியாது. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறை. அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த, தகப்பனை இழந்த ஒரு மாணவி, 2025-ல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் 417-ஆவது இடம் பெற்றுச் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தகுதி பெற்றார். முதலமைச்சரே பாராட்டினார். ஏலகிரி மலையில் படித்த, அதே மலையாளி பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024-ல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பிறந்த சில நாளிலேயே சென்னைக்குக் காரில் போய்ப் பரீட்சை எழுதியவர் அவர். இப்படி ஒவ்வொருவருக்குப் பின்னாலும், பாட்டியிடம் பேசப் போன ஒருவர் எங்கேயோ இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குழுவினரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, விழாவை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைக்காதீர்கள், வேலை நாளில் பள்ளியிலேயே வையுங்கள். பேச்சு வேண்டாம். வருகிறவர் ஒவ்வொருவரும் பத்தாவது வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரோடு ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்காரட்டும். அமெரிக்காக்காரர்கள் வர முடியாவிட்டால் போனில் முகம் பார்த்துப் பேசட்டும், இப்போதுதான் அது சுலபமாயிற்றே. இரண்டாவது, பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கியிருக்கிற பணத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, ஜூன் மாதம் மலையிலிருந்து வரும் பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் சான்றிதழ் அலைச்சலுக்கும் கொடுங்கள். அரசாங்கம் 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்று திட்டம் தொடங்கி முன்னாள் மாணவர்கள் பணம் கொடுக்க வழி செய்திருக்கிறது. 2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களைச் சேர்த்தார்கள். கட்டடம், கம்ப்யூட்டர் எல்லாம் அதில் கேட்டு வாங்கலாம். ஒரு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கோட்டாட்சியர் ஆபீசுக்கு வருவதற்கான செலவை எந்தத் திட்டத்திலும் கேட்க முடியாது.

பொன்னாடை இல்லாமல் எப்படி விழா என்று சிரித்தார்கள். மரத்தடி யோசனை பிடித்திருந்தது போலத் தெரிந்தது. பன்னிரண்டாவது பெயரைப் பற்றி மட்டும், "கமிட்டில பேசிட்டுச் சொல்றோம் ஐயா" என்று எழுந்தார்கள். அலுவலகத்தில் நான் எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் அது. அர்த்தம் எனக்குத் தெரியும்.

அதனால் நானும் ஒரு நிபந்தனை போட்டேன். பன்னிரண்டு பெயருக்கும் சேர்த்துத்தான் டிராஃப்ட். பதினொன்றுக்கு மட்டும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை. உரக்கடைக்காரர் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது, "பதவிங்கிற இடத்துல ஊரு பேர மட்டும் போட்டுக்கலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டாள். "அவர்கிட்ட கேட்டீங்களா? கல்லுல பேர் வெட்டறது அவருக்குச் சம்மதமா?" கேட்கவில்லை. இந்த முறையும் அவரைக் கேட்காமலே அவர் மனுவை நான் கையாண்டுகொண்டிருக்கிறேன். வருகிற புதன்கிழமை காலை வெள்ளிமலை பஸ்சில் ஏறலாம் என்றிருக்கிறேன். சின்னவன் கூட வருகிறேன் என்கிறான். அவருடைய சேர்க்கை எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.